கையொப்பமா, குலுக்கற் சீட்டா?

கொரிய இசைக்குழுவினரிடம் கையொப்பம் பெறக் காத்துக்கிடக்கும் இளைஞரைக் கண்டு நம் பெரியோர் நகைக்கின்றனர். 2024 பெப்ரவரி 9இல் யாழ்ப்பாண முற்றவெளியில், திரைநட்சத்திரங்கள் பங்குபற்றிய இசைநிகழ்ச்சியிலே தடுப்புகளை உடைத்து முன்னே பாய்ந்த கூட்டம் நம்முடையதே அன்றோ? ரசிக மோகம் கொரியர்க்கு மட்டும் உரியதன்று. கண்டிக்கத்தக்கது, அம்மோகத்தை மூலதனமாக்கும் வாணிகமே.

அவ்வாணிகத்தின் இயல்பு யாது? குறித்த காலத்துள் வாங்கப்படும் ஒவ்வோர் இறுவட்டும் ஒரு குலுக்கற் சீட்டாகும். வாய்ப்பைப் பெருக்க விழைவோர் ஒன்றையே பத்தாய், நூறாய் வாங்குவர். தெரிவானவர்க்குக் கிட்டுவன ஒரு கையொப்பமும் சில கணப் பேச்சும். ஏனையோர்க்கு எஞ்சுவது இறுவட்டுக் குவியலே. 2024இல் 'செவன்ரீன்' குழுவின் இறுவட்டுகள் தோக்கியோ நகரின் சிபுயாவில் பெட்டி பெட்டியாய்த் தெருவிற் கைவிடப்பட்டன. கேட்பதற்காகவா அவை விற்கப்பட்டன?

நம் உடுப்பிட்டியில் நிகழும் நூல் வெளியீடுகளிலும் பணமுண்டு, தாட்சண்யமுண்டு. ஆயினும் உறை கொடுத்தவர் நூலோடு மீள்வார். ஆசிரியர் கையொப்பத்துக்குக் குலுக்கல் இல்லை.

கொரிய இசை ரசிகர்கள் 2021இல் தொடங்கிய 'கேபொப் ஃபோர் பிளனற்' இயக்கம் இவ்விரயத்தைக் கண்டித்துவருகின்றது. கலைஞரை நேசிப்போரே நிறுவனங்களை வினவுகின்றனர். பெரியோரின் நகைப்பு ஒருவரையும் திருத்தாது, இவ்வினாவே திருத்தும். நம் இளைஞரும் பாடலை நேசிக்கட்டும், சீட்டை மறுக்கட்டும்!