மரபும் மரபணுவும்

'அது அவர்களின் மரபணுவிலேயே இருக்கிறது' என்ற தொடர் நமது சிற்றிதழ்க் கட்டுரைகளில் மலிந்துவிட்டது. கூத்து, பறை, தச்சு, நெசவு என எதைப் பற்றி எழுதினாலும் ஏதோ ஒரு பத்தியில் அது வந்து நிற்கிறது. முன்பு 'இரத்தத்தில் ஊறியது' என்றோம். இப்போது அதற்கே அறிவியல் சட்டை மாட்டியிருக்கிறோம்.

குழப்பத்துக்கு நமது கலைச்சொல்லும் ஓரளவு காரணம். தொல்காப்பியத்தின் கடைசி இயல் மரபியல். விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் வழக்கம் எவ்வாறு வகுத்திருக்கிறது என்று அது சொல்கிறது. அங்கே மரபு என்பது நாவழியே வருவது. அதே பெயரை இன்று உயிரணுவுக்குள் தானாக இறங்கிவருவதற்கும் வைத்திருக்கிறோம்.

இவ்விரண்டும் ஒன்றாகக் கிடக்கும் பொருள் காஞ்சிபுரத்துப் பட்டுப்புடவை. பட்டுப்புழுவுக்கு நூற்க யாரும் கற்பிப்பதில்லை. அதன் உடலே அதற்காக அமைந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டு உருமாறி உடல் நெடுகக் கிடக்கின்றன. அவற்றில் ஊறும் நீர்மம் வாயருகே நுண்துளை வழியாக இழுபட்டு இறுகி இழையாகிறது. நல்ல கூடொன்றில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இழை இருக்கும். கூட்டின் நிறமும் பிறப்போடு வருவதே. மஞ்சள் கூட்டினத்தை வெள்ளைக் கூட்டினத்தோடு கலந்தால் முதல் தலைமுறை மஞ்சள், அடுத்ததில் நாலில் ஒன்று வெள்ளை. பட்டாணியில் மெண்டல் கண்ட கணக்கு இப்புழுவிலும் செல்லும் என்று 1906இல் காட்டியவர் ஜப்பானியரான டோயாமா. மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பொறுக்கி வளர்த்ததில் இப்பூச்சி பறக்கும் திறனையே இழந்தது. அதுவும் மரபணுவழி வந்ததுதான்.

கோர்வை அப்படியல்ல. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், நாடா மூன்று. நெசவாளரின் அருகே இன்னொருவர் அமர்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். அந்தக் கைப்பழக்கம் அப்படி உட்கார்ந்தே பிடிபடுவது. எத்தனை தலைமுறை நெய்தாலும் கருவுக்குள் போகாது. எத்தனை நூற்றாண்டுகளாகக் காது குத்திவருகிறோம்! இன்றும் குழந்தை துளையில்லாத காதோடுதான் பிறக்கிறது.

ஆகவே தறிக்காரரின் பிள்ளை ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்துக்கோ ஒரகடத்துத் தொழிற்சாலைக்கோ போய்விட்டால் அவ்வீட்டில் கோர்வை ஒரே தலைமுறையில் அற்றுப்போகும். பிள்ளையைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. மரபணுவில் இருக்கிறது என்று எழுதுகிறவரோ பல்லாண்டு உழைத்துக் கற்றதை இயற்கையின் இனாமாக்கிவிடுகிறார். இனாமாக வந்ததற்கு யார் கூலி உயர்த்தித் தருவார்? பிறப்பைக் கொண்டு தொழிலை வகுத்த பழைய ஏற்பாட்டுக்கு ஆய்வகத்தின் முத்திரையும் கிடைத்துவிடுகிறது, அதுவும் சாதியை எதிர்த்து எழுதும் அதே பேனாவால். 'கற்றுக்கொண்டார்' என்று எழுதிப் பார்க்கலாம். யாரிடம், எத்தனை ஆண்டு, என்ன கூலிக்கு என்ற கேள்விகள் உடனே பின்னால் வந்து நிற்கும்.