விபத்துக்குப் பின் குழு, குழுவுக்குப் பின் மௌனம்: போக்குவரத்தை மேற்பார்வை செய்வது யார்?

2025 மே 11. வெசாக்கிற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கை போக்குவரத்துச் சபையின் பேருந்து ஒன்று, கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் அதில் பயணித்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான்கு மாதங்கள்கூட முடியவில்லை. செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பேருந்து பள்ளத்தில் பாய்ந்தது. அங்கு 15 பேர் இறந்தனர்.

இரண்டு தடவையும் அனுதாபச் செய்திகள் வந்தன, இழப்பீடு அறிவிக்கப்பட்டது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. சாரதி தூங்கினாரா, தடுப்புக் கட்டை (பிரேக்) வேலை செய்ததா என்ற கேள்விகள் சில நாட்கள் ஓடின. பிறகு வேறு செய்தி வந்தது. வருடத்திற்கு 2000க்கும் அதிகமானோரை வீதி விபத்துகளில் பறிகொடுக்கும் நாடு இது. சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து பேருக்கு மேல். கொத்மலையில் இறந்தோரின் தொகையை நாடு ஐந்து நாட்களுக்குள் சத்தமில்லாமல் எட்டிவிடுகிறது.

சாரதியின் தவறு என்று சொல்லி முடித்துவிடுவது இலகு. அவர் ஓட்டிய பேருந்தையும், அவர் ஓடிய வீதியையும், அவருடைய வேலை நேரத்தையும் பார்த்திருக்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்விதான் ஒவ்வொரு தடவையும் விடுபட்டுப் போகிறது.

ஒரு பேருந்து, பல எசமானர்கள்

பேருந்து இலங்கை போக்குவரத்துச் சபைக்குரியது. அது 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட சபை. மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்த, 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இருக்கிறது. மாகாணத்திற்குள் ஓடும் பேருந்துகள் மாகாண அதிகார சபைகளின் பொறுப்பு. வாகனப் பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம். 'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், 'சி', 'டி' வீதிகள் மாகாண சபைகளிடம், ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகள் பிரதேச சபை, நகரசபைகளிடம். வேகத்தையும் விதிமீறலையும் பிடிப்பது பொலிஸ். இவற்றுக்கு மேலே வீதிப் பாதுகாப்புக்கென ஒரு தேசிய சபை வேறு.

இத்தனை அமைப்புகள் இருப்பது தவறல்ல. எந்த நாட்டிலும் போக்குவரத்து ஒரே கையில் இருப்பதில்லை. ஆனால் ஒன்றின் வேலை எங்கே முடிகிறது, மற்றதன் வேலை எங்கே தொடங்குகிறது என்ற எல்லையில்தான் மனிதர்கள் சாகிறார்கள். லொறிக்கான அடிச்சட்டத்தின் மீது பேருந்தின் உடலைக் கட்டி ஓடவிடுவது பற்றிய விமர்சனம் இன்று நேற்று எழுந்ததல்ல. அத்தகைய வாகனம் மலைநாட்டு வளைவுகளில் இரவு நேரத்தில் நிறைமாதக் கூட்டத்தோடு போகலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கொள்வனவு செய்தவரா, பதிவு செய்தவரா, வழி அனுமதி கொடுத்தவரா? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம். காட்டுகிறார்கள்.

நாடாளுமன்றம் என்ன பார்க்கிறது?

அரச நிறுவனங்களைக் கேள்வி கேட்க நாடாளுமன்றத்திற்கு வழிகள் உண்டு. கூட்டுத்தாபனங்களையும் நியதிச்சட்ட சபைகளையும் 'கோப்' எனப்படும் அரச பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு விசாரிக்கிறது. திணைக்களங்களையும், மாகாண, உள்ளூராட்சி அமைப்புகளையும் 'கோபா' எனப்படும் அரச கணக்குகள் குழு விசாரிக்கிறது. 2015 இற்குப் பிறகு துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் அறிமுகமாகின. இவற்றுக்கெல்லாம் அடிப்படைத் தரவைக் கொடுப்பது கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள்.

இந்தப் பிரிப்பில் ஒரு விநோதம் இருக்கிறது. புகையிரதக் கடவையில் இ.போ.ச. பேருந்து ஒன்றும் புகையிரதமும் மோதினால், பேருந்துச் சபையை அழைப்பது கோப். புகையிரதத் திணைக்களத்தை அழைப்பது கோபா. மோதல் ஒன்று, கேள்வி கேட்கும் அறைகள் இரண்டு. இரண்டிலும் முதன்மையாகப் பேசப்படுவது கணக்கு: எவ்வளவு நட்டம், எந்த உதிரிப்பாகம் பாவிக்கப்படாமல் களஞ்சியத்தில் கிடக்கிறது, எந்தக் கேள்விப்பத்திரம் முறைப்படி கோரப்படவில்லை. அவை தேவையான கேள்விகளே. ஆனால் பயணி உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தாரா என்பது கணக்காய்வுக் கேள்வியாக வருவது அரிது.

இக்குழுக்கள் பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம், நட்டத்தைப் பொறுப்பானவர்களிடமிருந்து அறவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் மூலச் சட்டத்தின்படி அந்த அறவீட்டை விதிக்க வேண்டியவர் அதே நிறுவனத்தின் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர். தன் வீட்டுக் கள்வனைத் தானே பிடித்துத் தானே தண்டிக்க வேண்டும் என்ற ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும்? இதற்கிடையில் 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்ற பிறகு, நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டது. ஊழல் ஒழிப்பை முதன்மைக் கோஷமாக வைத்து வந்த ஆட்சிக் காலத்தில் இது நடந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

பெரிய திட்டங்களில் இந்தப் பலவீனத்தின் விலை இன்னும் வெளிப்படை. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கொழும்புப் பக்கமிருந்து அதனோடு இணைய வேண்டிய கடவத்தை - மீரிகம பகுதி, நிதி நின்றுபோனதால் முடங்கிக் கிடந்து, 2025 செப்டெம்பரில்தான் மீண்டும் தொடங்கப்பட்டது. நடுவில் வீதி, தொடக்கத்தில் வெளி. மாலபேயையும் கோட்டையையும் இணைக்கவிருந்த ஜப்பானிய நிதியிலான இலகு புகையிரதத் திட்டத்திற்கு 2019 இல் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் அது ஒரே முடிவில் கைவிடப்பட்டது. ஆட்சி மாறியதும் திட்டம் மாறுகிறது. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் நாடாளுமன்றம் பார்வையாளர் வரிசையிலேயே இருந்தது.

வடக்கின் கடவைகள்

வடக்கில் இருப்பவர்களுக்கு இந்த விடயம் இன்னும் நெருக்கமானது. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி, இந்தியக் கடனுதவியில் பாதை மீளமைக்கப்பட்டு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை சென்றது. பின்னர் மஹவ - ஓமந்தை பாதையும் 91.27 மில்லியன் டொலர் இந்திய உதவியில் புதுப்பிக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரின் வருகையின்போது கையளிக்கப்பட்டது.

தண்டவாளம் வந்தது. ஆனால் கால் நூற்றாண்டு புகையிரதமே ஓடாத நிலத்தில், அதற்கிடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை வீட்டுக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் தண்டவாளம் இருந்த இடத்தைக் குறுக்கே கடந்தே பழகியிருந்தது. பாதை போடப்பட்ட வேகத்தில் கடவைகளுக்குப் படலைகளும் சமிக்ஞைகளும் போடப்படவில்லை. கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று எந்த மாவட்டத்தை எடுத்தாலும், பாதுகாப்பற்ற கடவையில் மோட்டார் சைக்கிளோடும் முச்சக்கர வண்டியோடும் போனவர்களின் கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

இதற்கு அரசு கண்ட தீர்வுதான் முழுக் கதையையும் சொல்கிறது. கடவைகளில் நிற்க ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆனால் புகையிரதத் திணைக்களத்தின் ஊழியர்களாக அல்ல, பொலிஸ் ஊடாக. பல ஆண்டுகளாக அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவு. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை வீதிக்கு இறங்கினார்கள். புகையிரதத் திணைக்களத்திடம் கேட்டால் அவர்கள் பொலிஸின் ஆட்கள். பொலிஸிடம் கேட்டால் அது புகையிரதத் திணைக்களத்தின் வேலை. ஒரு குடிசையில் கொடியோடு நிற்கும் அந்த மனிதரின் கையில்தான் பல மில்லியன் டொலர் பாதையின் பாதுகாப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது.

கடவை விபத்து இந்த நாட்டிற்குப் புதிதல்ல. 2005 ஏப்ரலில் அளவ்வைக்கு அருகே யாங்கல்மோதர கடவையில், புகையிரதத்தை முந்த முயன்ற பேருந்து மோதுண்டு முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்தாண்டு கழித்து வடக்கில் பாதை திறந்தபோது அந்தப் பாடம் திட்ட வரைபடத்தில் இடம்பெறவில்லை என்றால், குற்றம் கடவையைக் கடந்தவரின் அவசரத்தில் மட்டும் இல்லை.

தரிப்பிடம் இருக்கிறது, பேருந்து வராது

இன்னொரு உதாரணம் வவுனியா புதிய பேருந்து நிலையம். 2017 இல் திறக்கப்பட்டது. இ.போ.ச. பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் ஒரே இடத்திலிருந்து இணைந்த நேர அட்டவணைப்படி ஓடவேண்டும் என்பது நோக்கம். தொடக்கத்திலேயே இழுபறி. யாழ்ப்பாணத்தில் நெடுந்தூரப் பேருந்து நிலையம் கட்டப்பட்டபோதும் அதே கதை. தனியார் 60, அரச பேருந்து 40 என்ற விகிதத்தை இ.போ.ச. ஊழியர்கள் ஏற்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அவர்களது வாதத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பருவச்சீட்டோடு ஏறும் மாணவரையும், வருமானம் வராத கிராமத்து வழியையும் சுமப்பது அரச பேருந்துதான். இலாபமான வழியிலும் பங்கு குறைந்தால் சபை எப்படி நிலைக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். தனியார் உரிமையாளர்களுக்கும் கடன் உண்டு, குடும்பம் உண்டு. இரண்டு தரப்பின் நியாயத்தையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டிய மக்கள் பிரதிநிதித்துவ மன்றம் மாகாணசபை. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் கூட்டம் வைக்கிறார்கள். முடிவெடுத்தால் மறுநாள் வேலைநிறுத்தம், முடிவெடுக்காவிட்டால் பயணி வீதியோர மழையில். மாகாணத்திற்குள்ளான போக்குவரத்து 13 ஆம் திருத்தத்தின் கீழ் பகிரப்பட்ட அதிகாரம் என்று மேடைகளில் சொல்கிறோம். அந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தெரிவு செய்யப்பட்ட ஒருவர்கூட இல்லை என்பதை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

செய்யக் கூடியவை

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2025 ஜூலை முதல் பேருந்துச் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது. போக்குவரத்து அமைச்சர் பிமல் ரத்நாயக்க, எதிர்ப்பு வந்தாலும் பின்வாங்காமல் பேசுகிறார். ஆனால் ஓர் அமைச்சரின் தனிப்பட்ட வேகம் அவர் அந்தக் கதிரையில் இருக்கும்வரைதான். இந்த நாட்டில் போக்குவரத்து அமைச்சர்கள் மாறிய கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

முதலில் தேவைப்படுவது, வீதி, புகையிரத விபத்துகளை விசாரிக்க நிரந்தரமான, சுயாதீனமான ஓர் அமைப்பு. விபத்துக்குள்ளான பேருந்தின் சொந்தக்கார அமைச்சே விசாரணைக் குழுவை நியமிக்கும் வழக்கம் முடிய வேண்டும். அந்த அமைப்பு யாரைச் சிறையில் போடுவது என்று அல்லாமல், அடுத்தது எப்படி நடக்காமல் தடுப்பது என்று தேட வேண்டும். அறிக்கை நாடாளுமன்றத்திற்கு மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக வரவேண்டும்.

இரண்டாவது, பரிந்துரைகளின் கதி. கோப், கோபா, துறைசார் குழு, விசாரணைக் குழு எதுவாயினும், எந்தப் பரிந்துரை நிறைவேறியது, எது ஏன் நிறைவேறவில்லை என்ற பட்டியலை அமைச்சு வருடம் இருமுறை வெளியிடலாம். இதற்குக் கடன் தேவையில்லை, சீமெந்தும் தேவையில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு பாதுகாப்பற்ற கடவைக்கும் இலக்கம், பொறுப்பான அதிகாரி, முடிக்கவேண்டிய திகதி. பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஊர்க் கடவை பற்றிக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாகாணசபைத் தேர்தலும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. அது வெறும் அரசியல் கோரிக்கை மட்டுமல்ல, காலையில் பேருந்து எங்கே நிற்கும் என்ற கேள்வியும்கூட.

மேற்பார்வை கூடினால் வேலை தாமதிக்கும் என்பார்கள். மேற்பார்வை இல்லாமலேயே மீரிகம வீதி தொடக்கம் இல்லாமல் கிடந்தது, வவுனியா நிலையம் வெறிச்சோடியது. தாமதத்திற்குக் காரணம் கேள்வி கேட்பவர்கள் அல்லர்.

கொத்மலைக்கும் எல்லவுக்கும் இடையே நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் முதல் விபத்திலிருந்து எந்தப் பாடம், யாரால், எந்தத் திகதிக்குள் நடைமுறைக்கு வந்தது என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினராவது எழுந்து கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அடுத்த பேருந்து இன்றிரவும் புறப்படுகிறது.