காதைக் குறை சொல்வதற்கு முன்

போன பதிவுக்கு வந்த பின்னூட்டங்களுக்கு இன்னும் பதில் போடவில்லை, மன்னிக்கவும். வீட்டில் வேறொரு ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பதிவு கொஞ்சம் நீளம். வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் அப்பா அம்மாவை வைத்திருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் ஹாலில் டிவியோடு ஒரு கம்ப்யூட்டர் இணைத்திருக்கிறோம். மகன் லீவில் வந்தபோது செய்து கொடுத்தது. சினிமா, பாட்டு, பேத்தியின் நடன வீடியோ எல்லாம் அதில்தான். கடந்த இரண்டு வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்தாலே எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டை. "சத்தத்தைக் கூட்டு, ஒண்ணுமே புரியலை" என்பார். கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடு அதிரும். குறைத்தால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். எனக்கும்தான் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் நான் கதையை ஊகித்துக்கொண்டு சமாளித்தேன். பழியை அவர் காது மேல் போட்டேன்.

போனில் தங்கையிடம், "அவருக்குக் காது போயிடுச்சுடி" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் அவர் நன்றாகக் கேட்டிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பார்க்க வருவதை நிறுத்திவிட்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். முப்பத்தெட்டு வருஷமாகச் சேர்ந்து படம் பார்த்தவர்கள் நாங்கள்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனை செய்துவிட்டு, "வயதுக்கேற்ற லேசான குறைவுதான், இப்போதைக்கு மெஷின் வேண்டாம்" என்றார். நான் நம்பவில்லை. டிவி கடைக்குப் போனேன். 32,000 ரூபாய்க்கு ஒரு சவுண்ட் பார் எடுத்துக் காட்டினார்கள். வாங்கியிருப்பேன், ஓய்வூதியம் வர நான்கு நாள் இருந்தது.

அந்த நான்கு நாளில் ஒரு ராத்திரி 'அந்த நாள்' போட்டேன். 1954-ல் வந்த படம், பாட்டே கிடையாது, முழுக்க முழுக்கப் பேச்சு. பத்து நிமிஷத்தில் திண்ணையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். மறுநாள் புதுப் படம் போட்டேன். பழையபடி, "ஒண்ணுமே புரியலை". செய்தி போட்டால் புரிகிறது. யூடியூபில் சமையல் போட்டால் உப்பு எத்தனை ஸ்பூன் என்று எனக்கு முன்னால் சொல்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. காதில் கோளாறு என்றால் 1954-ஐக் கேட்டுவிட்டு இந்த வருஷத்தை மட்டும் விட்டுவிடுமா?

ஏழாம் வகுப்பில் பல்பு எரியாவிட்டால் என்ன செய்வோம் என்று சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? பேட்டரி, ஒயர், பல்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆகிறது என்று பார், நோட்டில் எழுது. உங்களை அதட்டிச் சொன்னவள் என் வீட்டில் அதைச் செய்யவில்லை. நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

காரணம் இதுதான். புதுப் படங்களின் ஒலி பெரும்பாலும் 5.1 என்ற அமைப்பில் வருகிறது. முன்னால் இடது, வலது, நடு, பின்னால் இரண்டு, தரையில் அதிரும் பெட்டி ஒன்று. இதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். மகன் முதலில் வாங்கி வைத்ததும் அப்படி ஆறு பெட்டி உள்ள செட்தான். அது இரண்டு வருஷத்துக்கு முன் புகைந்து போனது. எலக்ட்ரீஷியன் தம்பி சாதாரண இரண்டு ஸ்பீக்கர் வாங்கிக் கம்ப்யூட்டரின் பச்சை ஓட்டையில் சொருகிவிட்டுப் போனார். பாட்டு வந்தது, சந்தோஷம். ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்த மாற்றம் தெரியாது. இல்லாத நடு ஸ்பீக்கருக்கு இரண்டு வருஷமாக வசனத்தை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்களுக்கு வந்தது மிச்சமிருந்த இசையும் எதிரொலியும். செய்தியும் யூடியூபும் இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி, பழைய படம் ஒற்றை ஒலி. அதனால் அவற்றில் சிக்கல் இல்லை.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், சவுண்ட், அதில் நம் ஸ்பீக்கரைத் தொட்டு கான்ஃபிகர். 5.1 என்று இருந்ததை ஸ்டீரியோ என்று மாற்றினேன். அவ்வளவுதான். மறுபடி அதே புதுப் படத்தை, பழைய சத்த அளவிலேயே போட்டேன். திண்ணையிலிருந்து குரல் வந்தது: "ஏன் டீச்சர் இப்படி அலற விடறே? கொஞ்சம் குறை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்து மறைத்தேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன், கண்ணுகளா. லீவில் வருகிறீர்கள், ஆசையாக எல்லாம் மாட்டிக் கொடுக்கிறீர்கள், நான்கு ரிமோட்டைக் கையில் திணித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறீர்கள். எதை எப்படி வைத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பதில்லை. பிறகு போனில் கேட்டால், "அம்மா, புதுசா ஒண்ணு வாங்கிக்கோ, நான் பணம் போடறேன்." பணம் கேட்கவில்லையே! என்ன கேடு என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் கேட்கிறோம். பெரியவர்கள் புரியவில்லை என்றால் உடனே வயசாகிவிட்டது என்ற முடிவுக்கு வராதீர்கள். நானே வந்தேன், அதனால்தான் சொல்கிறேன். உண்மையிலேயே காது மந்தமானால் டாக்டரிடம் போக வேண்டியதுதான், மெஷின் வைப்பதில் வெட்கமும் இல்லை. ஆனால் அதே சாயங்காலம் கம்ப்யூட்டரையும் சோதித்துவிடுங்கள்.

ஒலி சரியானதும் எனக்குத் தைரியம் வந்து படத்திலும் கை வைத்தேன். ஓரம் வெட்டுப்பட்டு, செய்தியில் கீழே ஓடும் வரி பாதிதான் தெரியும். அது டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவதால். டிவி மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் மாற்றினால் போதும், பெயர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கறுப்பு எல்லாம் சாம்பல் பூத்தது போல் வெளுத்திருந்தது. கம்ப்யூட்டர் கறுப்பை 16 என்ற எண்ணிலிருந்து தொடங்கி அனுப்ப, டிவி 0-விலிருந்து எதிர்பார்த்தால் அப்படித்தான் ஆகும். தலைகீழாக இருந்தால் ராத்திரிக் காட்சி மொத்தமும் இருட்டு. இரண்டும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். மனிதர்கள் நகரும்போது சினிமா சீரியல் மாதிரி வழுக்குகிறதா? டிவி இல்லாத படங்களைத் தானே இடையில் செருகுகிறது. டாம் குரூஸ் 2018-ல் ஒரு வீடியோ போட்டு, அதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் சண்டைப் படம் எனக்குப் பிடிக்காது, இந்த விஷயத்தில் அவர் கட்சி. விஎல்சியில் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போனால் ஜே, கே எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். செய்யவே கூடாது, உயிருக்கு ஆபத்து. கேபிள் ஒயரைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் கோளாறு அந்த வழியாக வருகிறது, கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

நான் மாற்றியது எல்லாம் தேதியோடு எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். சவுண்ட் பார் வாங்கவில்லை. நாளை ராத்திரி என்ன படம் என்று அவர் காலையிலேயே கேட்டாயிற்று. பழைய செட்டின் நடு ஸ்பீக்கர் பரணில் சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காபி உண்டு.