இசையை முழக்கோலால் அளப்பதோ?

அரபு இசையின் பழைய ஒலித்தட்டுகளைக் கேட்போரில் சிலர், "ஒருவர் வாசிப்பது போல் மற்றவர் வாசிக்கவில்லையே! இதில் ஒழுங்கு எங்கே?" என்று உதட்டைப் பிதுக்குகின்றனர். வரிசையாய் அமர்ந்த வயலின்கள் இம்மியும் பிசகாமல் ஒரே குரலில் ஒலிப்பதே தேர்ச்சி என்பது அவர்தம் முடிபு. இம்முடிபை நாம் மறுக்கிறோம்.

ஊத், கானூன், வயலின், நய் என்னும் நாணற்குழல், ரிக் என்னும் கைப்பறை ஆகியவை சேர்ந்த சிறு குழுவுக்குத் 'தக்த்' என்று பெயர். அதில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பர். ஆயினும் அவரவர் மனத்தில் தோன்றிய அணிகளைச் சேர்த்தே வாசிப்பர். இது பிழையன்று, முறையே இதுதான்.

1932ஆம் ஆண்டு, மன்னர் முதலாம் ஃபுஆதின் ஆதரவில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடிற்று. பார்ட்டோக், ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய மேதைகளும் வந்திருந்தனர். சுரத்தொகுதியை இருபத்துநான்கு சம கூறுகளாக வகுத்துவிடலாமா என்று அங்கே வாதம் எழுந்தது. கணக்குக்கு அது எளிது. ஆனால் 'ஸீகாஹ்' என்னும் சுரம் ராஸ்த் மகாமில் சற்று உயர்ந்தும், பயாத்தி மகாமில் சற்றுத் தாழ்ந்தும் ஒலிக்கிறதே! செவி அறிந்த இவ்வேற்றுமையை எந்தச் சமக்கூறு காட்டும்?

1975இல் மறைந்த உம்மு குல்தூமை நினைத்துப் பாருங்கள். ஒரே அடியை மீண்டும் மீண்டும் பாடுவார். ஒரு முறை பாடியது போல் மறுமுறை பாடமாட்டார். அவையோர் உருக உருகப் பாட்டு நீளும். ஒரு மணி நேரத்தையும் கடக்கும். தாளில் எழுதிய சுரக்குறிப்பில் அந்த உருக்கம் எங்கே இருக்கிறது?

1967இல் எகிப்தில் தோன்றிய அரபு இசைக்குழு, பழைய முவஷ்ஷஹ் பாடல்களைக் காத்துத் தந்தது. அந்தத் தொண்டை நாம் மறக்கவில்லை. ஆயினும், நடத்துநரின் கோலுக்கும் குறிப்புத்தாளுக்கும் கட்டுப்பட்ட அம்மேடையில் தனிக்கலைஞனின் கற்பனைக்கு இடம் சுருங்கிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

"அப்படியானால் தாறுமாறாக வாசிப்பதெல்லாம் உணர்ச்சியோ?" என்று கேட்பர். இல்லை. நமது கிராஅத்தையே நோக்குக. அதை இசை என்று நாம் சொல்லவில்லை. பாடம் மட்டும் அங்கிருந்து பெறுகிறோம். எழுத்து பிறக்கும் இடத்திலும், நீட்டும் அளவிலும் தஜ்வீது அணுவளவும் விட்டுக்கொடாது. ஆயினும் இன்ன ராகத்தில்தான் ஓதவேண்டும் என்று எவரும் மெட்டு எழுதி வைத்ததில்லை. அதனாலன்றோ முஸ்தஃபா இஸ்மாயீலின் ஓதலும் அப்துல் பாஸித்தின் ஓதலும் தனித்தனியே நம் கண்களை நனைக்கின்றன!

கட்டுப்பாடு வேண்டிய இடத்தில் கட்டுப்பாடு. விடுதலை வேண்டிய இடத்தில் விடுதலை. இவ்விரண்டின் எல்லையை அறிந்தவனே கலைஞன். இன்றோ, குரலின் ஒவ்வோர் அசைவையும் அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்தக் கணினி வந்துவிட்டது. அதன் கையில் செவியை ஒப்படைத்துவிட்டால், நாளைய பிள்ளைகள் பிழையற்ற இசையைக் கேட்பார்கள், உருகமாட்டார்கள்.