பழைய போல்ட்டே போதுமா?

அப்பாவோட ஸ்ப்ளெண்டருக்குச் செயின் ஸ்ப்ராக்கெட் மாத்தினோம் மக்களே. செட்டு புதுசு. ஆனா முன்பக்க ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கிற லாக் பிளேட்டும் ரெண்டு போல்ட்டும் பழசு! கேட்டா, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங் தம்பி"ன்னுட்டார் மெக்கானிக். மூணே வாரம், ஒரு போல்ட்டைக் காணோம்.

பிளேட்டோட பல்லு ஷாஃப்ட்டுல இருக்கிற காடியில உக்காந்தாத்தான் ஸ்ப்ராக்கெட் வெளிய நழுவாது. பிளேட்டைத் திரும்ப விடாம புடிச்சிருக்கறதே அந்த ரெண்டு போல்ட்டுதான். மரை தேஞ்சது கழண்டுச்சுன்னா ஸ்ப்ராக்கெட் ஆடி ஆடி ஷாஃப்ட் பல்லைத் தின்னும். ஷாஃப்ட்டை மாத்த இஞ்சினையே பிரிக்கணும். அதுக்கு முன்னாடி பெருந்துறை ரோட்டுல செயின் சிக்கி பின்சக்கரம் நின்னுட்டா? பின்னாடி லாரி வந்தா?

நான் படிக்கிறது பி.காம். சில்லறையை மிச்சம் புடிச்சு ஆயிரக்கணக்குல விடறதுக்குப் பேரு சிக்கனம் இல்லீங்க. ரோலான் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பண்ற, 1937ல ஆரம்பிச்ச எல்ஜிபி நம்ம கோயமுத்தூர் கம்பெனி. பக்கத்து ஊர்ல மாட்டற லட்சணம் இது!

தப்பு மெக்கானிக் மேல மட்டுமில்ல. "எவ்வளவு கொறையும்?"னு மட்டும் கேக்கற நாமளும்தான். அடுத்த தடவை பக்கத்துல நில்லுங்க. புது பிளேட்டு, புது போல்ட்டு கேளுங்க. ரெண்டும் இறுகியிருக்கான்னு பாத்துட்டு அப்புறமா கவரை மூடச் சொல்லுங்க.