களவுப் படமும் கையாலாகாச் சட்டமும்

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஆம் ஆண்டு யூலை மாதம் 9 ஆந் திகதி நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஓர் ஆணை, கடலுக்கு இப்பாலுள்ள எம்மவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மனுதாரர் ஒரு பெண் சட்டத்தரணி. கல்லூரி நாட்களில் அவருடன் பழகிய ஒருவன் அவரறியாமற் பதிவு செய்த அந்தரங்கக் காட்சிகள் 70 க்கும் மேற்பட்ட இணையத்தளங்களில் உலவின. அவற்றை 48 மணி நேரத்தினுள் அகற்றுவிக்குமாறு இந்திய மத்திய அரசின் அமைச்சுக்கு நீதியரசர் கட்டளையிட்டார்.

கட்டளை பிறந்ததோடு கருமம் முடிந்துவிடவில்லை. ஓரிடத்தில் அகற்றப்பட்ட காட்சி வேறிடங்களில் மீண்டும் தலைகாட்டியது. பொலிஸார் முதல் தகவல் அறிக்கையிலேயே அப்பெண்ணின் பெயரைப் பொறித்திருந்தமையும், ஆண் பொலிஸார் பலர் முன்னிலையில் அக்காட்சியைப் பார்த்து அடையாளங் காட்டும்படி அவர் நிறுத்தப்பட்டாரென்பதும் மன்றில் எடுத்துரைக்கப்பட்டன. நீதியரசர் பொலிஸாரைக் கண்டித்து, பெயரை ஆவணங்களிலிருந்து நீக்குமாறு பணித்தார். அவ்வழக்கின் பயனாக, இத்தகைய படங்களை அகற்றுவதற்கான பொது நடைமுறையொன்றை இந்திய அரசு அதே ஆண்டில் வகுத்தது. சட்டங் கற்றவர், நீதிமன்றப் படிகளை நாளும் மிதிப்பவர், அவருக்கே இக்கதி. சட்டமும் அறியாது, சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமும் இல்லாத பெண்ணின் கதி யாது?

இக்கேள்வி எமது வாசலில் நிற்கும் கேள்வி. மருதமுனை முதற் பொத்துவில் வரை நீளும் எமது கரையோர ஊர்களில், கணவன் வளைகுடா நாட்டிலும் மனைவி ஊரிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் எத்தனை! அவர்களைப் பிணைத்து வைத்திருப்பது கைத்தொலைபேசியே. கணவனுக்கென அனுப்பிய படம் அதில் இருக்கிறது. பெண்கள் மட்டும் கூடிய மருதோன்றி வைபவத்தின் காணொளி இருக்கிறது. திருத்தக் கொடுத்த தொலைபேசியிலிருந்தோ, ஏமாற்றிப் பெற்ற கடவுச்சொல்லைக் கொண்டோ, முறிந்த நிச்சயதார்த்தத்தின் வன்மத்தினாலோ அவை களவாடப்படலாம். களவாடப்பட்டவை டெலிகிராம் குழுக்களுக்கும், திருட்டுத் திரைப்படங்களோடு பெண்களின் படங்களையும் பண்டமாக்கிப் பரிமாறும் களவு மன்றங்களுக்கும் சென்று சேர்கின்றன. அங்கு ஒருவன் ஏற்றியதை நூறு பேர் பிரதி செய்கின்றனர். அப்பெண்ணோ, வெளியே சொன்னால் பழி தன்மேலேயே விழுமென்றஞ்சி வாயை மூடிக்கொள்கிறாள். கள்வனின் முதலீடு அந்த மௌனமேயாகும்.

இதற்கு இந்நாட்டுச் சட்டம் கூறும் பரிகாரம் என்ன? சட்டங்கள் இல்லாமலில்லை. 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பாலியற் தொல்லையைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு இருக்கிறது. அனுமதியின்றிக் கணினியுட் புகுவதையும், சட்டவிரோதமாகப் பெற்ற தரவைக் கையாளுவதையும் குற்றமாக்கும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. படத்தைக் காட்டிப் பணம் பறிப்பவனை அச்சுறுத்திப் பறித்தற் குற்றத்தின் கீழ் நிறுத்தலாம். உரோம - டச்சுச் சட்டமும் அந்தரங்கத்தில் அத்துமீறுவதைத் தீங்கென ஏற்று நட்டஈட்டுக்கு வழி விடுகிறது.

ஆயின், இவற்றிற் பெரிய குறைகள் இரண்டுள.

முதலாவது, பழைய சட்டம் கேட்கும் கேள்வியே பிழையானது. "இப்படம் ஆபாசமானதா?" என்று அது கேட்கிறது. "இப்படம் யாருடைய சம்மதத்துடன் வெளிவந்தது?" என்றே கேட்டிருத்தல் வேண்டும். ஆபாசமே அளவுகோலாயின், கள்வனும் களவு கொடுத்தவளும் ஒரே அழுக்கைத் தொட்டவர்களாகிவிடுகின்றனர். அப்படத்தை நீ ஏன் எடுத்தாய் என்று அவளையே விசாரிக்கும் துணிவு பொலிஸ் நிலையத்துக்கு வருவதும் இதனாலேயே. மறுபுறத்தில், ஆபாசமில்லாத படத்தாலும் ஒரு வாழ்வு சிதையலாம். அந்நிய ஆடவர்முன் என்றும் தலைமறைத்தே வாழ்ந்த முஸ்லிம் பெண்ணொருத்தியின், முக்காடில்லாத வீட்டுப்படம் களவாடப்பட்டு ஊரெங்கும் பரப்பப்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். எந்த நீதவான் அதனை ஆபாசமென்பார்? ஆனால் அவளுக்கு நேர்ந்த தீங்கு சிறிதா?

இதனை விளங்கிக்கொண்ட நாடொன்று உண்டு. அவுஸ்திரேலியாவின் 2021 ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், சமய அல்லது பண்பாட்டு முக்கியத்துவமுள்ள உடையைப் பொதுவிடத்தில் எப்போதும் அணியும் ஒருவரை அவ்வுடையின்றிக் காட்டும் படத்தையும், அது தனிமைக்குரிய சூழலில் எடுக்கப்பட்டதாயின், அந்தரங்கப் படமென்றே வரையறுக்கிறது. முஸ்லிம்கள் சிறு தொகையினராயுள்ள நாட்டின் பாராளுமன்றத்துக்குத் தோன்றிய இந்நியாயம், கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் அனுப்பிய பிரதிநிதிகள் அமரும் பாராளுமன்றத்துக்குத் தோன்றாதிருப்பது வியப்பே.

இரண்டாவது குறை, எமது சட்டங்கள் கள்வனைத் தண்டிக்கப் பார்க்கின்றனவேயன்றிக் களவுப் பண்டத்தை அகற்றப் பார்க்கவில்லை. வேளாண்மைக்குள் மாடு புகுந்தால் நாம் செய்வது என்ன? முதலில் மாட்டை விரட்டுவோம். அதன்பிறகே மாட்டுக்காரன் யார், அழிவு எவ்வளவு என்று வட்டவிதானையிடம் முறையிடுவோம். எமது சட்டமோ மாட்டுக்காரனின் பெயரும் விலாசமும் தெரியவரும்வரை மாட்டை வயலிலேயே மேயவிட்டிருக்கிறது. குற்றவாளியைக் கண்டுபிடித்துக் குற்றத்தை நிரூபிக்க ஆண்டுகள் செல்லும். படம் பரவ ஓரிரவு போதும்.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இக்குறையைத் தீர்க்கவே வந்ததென்று அன்றைய ஆட்சியாளர் மேடைதோறும் முழங்கினர். பெண்களையும் பிள்ளைகளையும் காக்கப்போகிறோமென்றனர். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. தனிப்பட்ட படத்தையும் காணொளியையும் வெளியிடுவது பற்றிய பிரிவு ஒன்று உண்டுதான். ஆயின் தொல்லை கொடுக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவேண்டும். அவளை யாரென்றே அறியாது காசுக்காகப் படம் விற்கும் களவு மன்றத்துக்காரன், தொல்லை கொடுப்பது தன் எண்ணமல்லவென்று வாதிடுவான். அதே சட்டத்தினுள், எது பொய்யான கூற்றெனத் தீர்மானிக்கும் அதிகாரம் ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பெண்ணின் கண்ணீரை முன்னே காட்டி, பேனாவுக்கு விலங்கைப் பின்னே கொண்டுவந்தனர்.

எமது அச்சம் வீணானதன்று. பேஸ்புக்கிற் கருத்தெழுதினாரென்பதற்காக றம்சி ராசிக் என்பவர் 2020 ஏப்ரிலிற் கைது செய்யப்பட்டுப் பல மாதங்கள் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டனவென்று இந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நொவெம்பரிலேயே. முஸ்லிம் எழுத்தாளரொருவரைப் பிடிப்பதற்கு மின்னலென விரைந்த கரங்கள், முஸ்லிம் பெண்ணொருத்தியின் படத்தை அகற்றுவதற்கு மட்டும் ஏன் சோர்ந்துவிடுகின்றன?

எனவே நாம் வேண்டுவது தனிச் சட்டம். அரசியற் பேச்சோடு அதற்கு எவ்விதத் தொடர்பும் இருத்தலாகாது. சம்மதமின்றி வெளியிடப்பட்ட அந்தரங்கப் படம் என்ற ஒன்றை மட்டும் அது இறுக்கமாக வரையறுக்கட்டும். சம்மதத்தையே உரைகல்லாகக் கொள்ளட்டும். உடைபற்றிய அவுஸ்திரேலிய விதி அதில் இடம்பெறட்டும். நீதவான் மன்றில் பெயரை மறைத்து மனுச்செய்யவும், எதிராளி யாரென்று தெரியாதபோதும் அகற்றற் கட்டளை பெறவும் வழி இருக்கட்டும். கால எல்லை மணிக்கணக்கில் இருக்கட்டும். அமெரிக்காவில் 2025 மே 19 இல் ஒப்பமிடப்பட்ட சட்டம் முறைப்பாடு கிடைத்து 48 மணி நேரத்தினுள் படம் அகற்றப்படவேண்டுமென்று விதித்து, அதற்கான ஏற்பாட்டைச் செய்ய நிறுவனங்களுக்கு ஓராண்டு தவணை கொடுத்தது. பெரிய இணைய நிறுவனங்கள் பல அந்நாட்டினவே. ஆகவே இக்காலக்கெடு நடவாத காரியமென்று எவரும் எமக்குச் சொல்லமுடியாது.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டுமென்பதில்லை. பாதிக்கப்பட்டவரும் அவரது சட்டத்தரணியும் இன்றே செய்யக்கூடியவை உள.

முதலில் சான்றைக் காக்கவேண்டும். படமுள்ள பக்கத்தின் முழு முகவரி, திகதி, நேரம், ஏற்றியவரின் பெயர் ஆகியவற்றைத் திரைப்பிரதியுடன் பதிந்துவைத்தல் வேண்டும். படத்தில் இருப்பவர் 18 வயதுக்குட்பட்டவராயின் படத்தைப் பிரதி செய்தலாகாது. அதனை வைத்திருப்பதே குற்றமாகலாம். முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கம் உண்டு. படத்தைக் காட்டிப் பணம் கேட்பவனுக்கு ஒரு சதமும் கொடுக்கலாகாது. கொடுத்தவரிடமே அவன் மீண்டும் வருவான்.

அடுத்தது, பரவலைத் தடுத்தல். பிரித்தானியத் தொண்டு நிறுவனமொன்று 2021 டிசெம்பரில் தொடங்கிய 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவசச் சேவை, படத்தை எவரிடமும் அனுப்பாது, உரியவரின் தொலைபேசியிலேயே அதற்கோர் எண் அடையாளத்தை ஆக்குகிறது. கைரேகை போன்றது அது. அவ்வெண் மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற பங்காளி நிறுவனங்களுக்குச் செல்லும். அதே படம் அங்கு ஏறினால் அடையாளங் காணப்படும். 18 வயதுக்குட்பட்டோரின் படங்களுக்கு 'ரேக் இற் டவுன்' என்ற அமெரிக்கச் சேவை இருக்கிறது. இவற்றுக்கு எல்லையுமுண்டு. படம் வெட்டி மாற்றப்பட்டால் எண் பொருந்தாது போகலாம். பங்காளியாகச் சேராத களவு மன்றங்களை அது கட்டுப்படுத்தாது.

அக்களவு மன்றங்கள் கடிதத்துக்குப் பதில் தருவதில்லை. ஆயினும் அவை அந்தரத்தில் நிற்பனவல்ல. அவற்றுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுண்டு. பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனம் ஒன்றுண்டு. ஆட்களை அங்கு கொண்டுசேர்க்கும் தேடுபொறி உண்டு. காசு கைமாறும் வழி உண்டு. வயற்காரன் கேளாவிடின் வாய்க்கால் மடையை அடைப்பது போன்று அவர்களிடமே முறையிடல் வேண்டும். 2020 டிசெம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் பணவழியை நிறுத்தியபோது, உலகின் மிகப்பெரிய ஆபாசத் தளங்களுள் ஒன்று, ஏற்றியவர் யாரென்று உறுதிப்படாத இலட்சக்கணக்கான காணொளிகளைச் சில நாட்களில் முடக்கியது. பல்லாண்டுக் கண்ணீர் அசைக்காததை ஒரு மடையடைப்பு அசைத்தது. கூகிள் தேடலிலிருந்து இத்தகைய படங்களை நீக்க அந்நிறுவனத்திடமே விண்ணப்பிக்கலாம்.

இன்னோர் ஆயுதம் பதிப்புரிமை. தன்னைத் தானே படமெடுத்தவள் அப்படத்தின் ஆக்கியோனாவாள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமை அவளுடையது; பதிவு தேவையில்லை. 1998 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் அகற்றற் கோரிக்கையை அவள் அனுப்பலாம். ஆயின் எச்சரிக்கை வேண்டும்: கோரிக்கையின் பிரதி படத்தை ஏற்றியவனின் கையை அடையலாம். அவளது பெயரும் விலாசமும் அதனோடு செல்லாதிருக்கும்பொருட்டு, அவள் சார்பில் சட்டத்தரணியே முகவராக ஒப்பமிடுதல் நன்று. படமெடுத்தவன் பிறனாயின் இவ்வாயுதம் பயன்படாது.

மருதமுனையின் நெசவுக்காரியும் நிந்தவூரின் வயற்காரன் மகளும் இவற்றையெல்லாம் தனியே செய்வரென்று எதிர்பார்ப்பது அறியாமை. கல்முனைச் சட்டத்தரணிகள் மாதமொரு நாளாவது இதற்கென இலவசமாக ஒதுக்குவாராக. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கணினி கற்ற மாணவியர் அவர்களுக்குத் துணைநிற்பாராக. அரசு செய்யவேண்டியதும் உண்டு. தமிழ் ஆட்சிமொழியென்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தத்தில் எழுதப்பட்டது. அது ஏட்டளவில் நில்லாதாயின், கல்முனையிலே தமிழில், பெண் உத்தியோகத்தரிடம், மூடிய அறையில் முறைப்பாடு செய்ய வசதி இருக்கவேண்டும். தன் வாழ்வின் மிகக் கொடிய நாளைத் தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிட்டு ஒப்படைக்குமாறு எவளையும் கேட்கலாகாது. 2015 இல் புடாபெஸ்ட் இணையக் குற்றச் சமவாயத்திற் சேர்ந்த இலங்கை, அது திறந்துவிட்ட பன்னாட்டு ஒத்துழைப்பைக் கல்முனை முறைப்பாட்டாளருக்கும் பயன்படுத்தட்டும்.

ஊராருக்கும் ஒரு சொல். பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது. நான்கு சாட்சிகளின்றிக் கற்புள்ள பெண்மேற் பழி சுமத்துவோனையே தண்டனைக்குரியவனாக்குகிறது. இதனை அறிந்த சமுதாயத்தில், கையில் வந்த படத்தை வாட்ஸ்அப்பில் அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டுத் தொழுகைக்கு எழுந்து செல்பவன் எந்த மார்க்கத்தைப் பின்பற்றுகிறான்? பள்ளிவாசற் குத்பாக்களிலும், காரைதீவு, பாண்டிருப்புக் கோவில் மண்டபங்களிலும், பாடசாலைகளிலும் இது பேசப்படட்டும். அனுப்பியவன் கள்வனாயின் அதனை மேலும் அனுப்புபவன் களவுப் பண்டம் விற்பவன். எல்லை குறித்தும் செயலகங் குறித்தும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே பிணக்குகள் இருக்கலாம். இதில் எமக்குப் பிணக்கில்லை.

களவாடப்பட்டது ஒரு படம். அவளுடைய மானம் அவளிடமே இருக்கிறது. அதனைப் பறிக்கும் வல்லமை கள்வனுக்கில்லை, ஊருக்குத்தான் உண்டு. ஊர் அவள்பக்கம் நிற்குமாயின் அவள் வாய் திறப்பாள். அவள் வாய் திறந்தால் சட்டம் செவிசாய்த்தே ஆகவேண்டும். கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சிபேதமின்றி இத்தனிச் சட்டத்துக்கான பிரேரணையைக் கொண்டுவருவாராக. கொண்டுவராதோரை, வாக்குக் கேட்டு வரும் நாளில் எமது தாய்மார் வாசலில் நிறுத்திக் கேட்கட்டும்.