முன்னாள் படைவீரர் எந்தக் கணக்கில்?

2016 நவம்பர் 1-ஆம் தேதி முன்னாள் சுபேதார் ஒருவர் தில்லியில் தற்கொலை செய்துகொண்டார். ஹரியாணா மாநிலம் பிவானி மாவட்டத்தைச் சேர்ந்த அவர், "ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்" கோரிக்கைக்காகத் தலைநகருக்கு வந்தவர். மறுநாள் அரசியல் தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். தில்லி அரசு ஒரு கோடி ரூபாய் நிதி அறிவித்தது. அவரது மன உளைச்சலை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்த அமளியில் அமுங்கிப் போனது.

பணியில் உள்ள வீரர்களின் தற்கொலை குறித்து நாடாளுமன்றத்தில் கேட்டால் பாதுகாப்பு அமைச்சகம் எண்ணிக்கையுடன் பதில் தரும். ஓய்வு பெற்றுவிட்டால் அவர் சாதாரணக் குடிமகன். காவல்துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன என்று மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ளலாம்; ராணுவம் மத்திய அரசைச் சார்ந்தது என மாநிலங்களும் கைவிரிக்கலாம்.

உண்மையில் மாநிலங்கள் அப்படிக் கைவிரிக்க இயலாது. மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நடத்துவது மாநில அரசு. பெரும்பாலான மாநிலங்களில் இதற்கான செலவில் 60 சதவீதத்தை மத்திய அரசும் எஞ்சியதை மாநிலமும் ஏற்கின்றன. தற்கொலை வழக்கைப் பதிவு செய்யும் காவல்துறையும் மாநில அரசுடையதே. ஆயினும் ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரிவதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் மத்திய ஆயுதக் காவல் படைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. முன்னாள் படைவீரருக்கு இல்லை. "ஓய்வு பெற்றோர்" என்ற பொதுப் பிரிவில் அவரைச் சேர்க்கலாம் என்றாலும், சிப்பாய்கள் பலர் நாற்பது வயதுக்குள்ளாகவே ஓய்வு பெற்றுக் காவலாளியாகவோ ஓட்டுநராகவோ வேலைக்குச் செல்கின்றனர். அத்தகையவர் இறந்தால் தனியார் ஊழியர் என்றே பதிவாகிறார். பிரேத விசாரணை அறிக்கையில் "படையில் பணியாற்றியவரா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க மாநிலங்களுக்குப் பெரும் செலவு எதுவும் ஆகாது.

தற்கொலையைக் குறைக்கும் திட்டங்களை வகுத்துச் செயல்படுத்துவது அரசின் கடமை என 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம், 29-ஆவது பிரிவில் கூறுகிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணும் (14416) இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், வலியை வெளியே சொல்லாதே என்று பழக்கப்பட்டவர் தாமாகத் தொலைபேசியை எடுப்பார் என்று காத்திருப்பது வீண். கல்வி உதவித்தொகைக்கும் மகள் திருமண மானியத்துக்கும் மனு வாங்கும் நல அலுவலர், மனுவே தராதவரின் வீட்டுக்குச் சென்று நலம் விசாரிக்க வேண்டும். அதற்கு வாகனமும் ஆளும் தர வேண்டியது மாநில அரசு.

இதில் காலதாமதத்துக்கு இடமில்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நான்கில் ஒரு பங்கினர் வரையே படையில் தொடர்வர். மற்றவர்கள் இளம் வயதிலேயே ஊர் திரும்புவர். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அவர்களின் பெயரை மாவட்ட நல அலுவலகப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாமா, கூடாதா என்பதை மாநில அரசுகள்தாம் முடிவு செய்ய வேண்டும்.